தோல்வி செதுக்கிய தலைமை

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வெண்ணிப் பறந்தலையில் கரிகால் வளவன் வென்றான்; சேரமான் பெருஞ்சேரலாதன் தோற்றான். சேரனின் மார்பில் பாய்ந்த படைக்கலம் முதுகையும் புண்படுத்தியது. புறப்புண்ணுக்கு நாணிய அம்மன்னன் வடக்கிருந்து உயிர் துறந்தான். அந்த ஊரின் புலவரான வெண்ணிக் குயத்தியார், வென்ற வேந்தன் முன் நின்று பாடினார். வென்றவனைப் புகழ்ந்து தொடங்கிய அப்பாடல், தோற்றவன் வென்றவனினும் நல்லவன் அல்லனோ என்னும் வினாவில் முடிகிறது. புறநானூற்றின் 66ஆம் பாடல் அது. வெற்றியின் வெயில் சுட்டெரிக்கும் வேளையில் தோல்வியின் பெருமையை வேந்தனின் முகத்துக்கு நேரே எடுத்துரைக்கும் துணிவு தமிழ்ப் புலமைக்கு அன்றே இருந்தது.

ஆயினும் சேரனின் பெருமை சாவோடு முடிந்துவிட்டது. தோல்வியைத் தன் உயிரால் அவன் கழுவினான். அதற்குப் பின் ஆள்வதற்கு நாடில்லை. திருத்திக்கொள்வதற்கு வாழ்நாளும் இல்லை. தோற்ற பிறகும் உயிரோடிருக்க வேண்டிய தலைவன் என்ன செய்வான்? தன் பிழையால் பிறர் துன்புற்றதைக் கண்ணால் கண்ட பின்னும், அதே மக்களின் முன் மறுநாள் காலையில் போய் நிற்க வேண்டியவன் என்ன செய்வான்? தலைமையின் உண்மையான தேர்வு அங்கேதான் தொடங்குகிறது.

வள்ளுவர் பொருட்பாலின் அரசியலை 25 அதிகாரங்களில் வகுத்தார். இறைமாட்சியில் தொடங்கும் அந்த வரிசை, இடுக்கணழியாமையில் போய் முடிகிறது. கல்வி, கேள்வி, காலம், இடம், ஊக்கம், ஆள்வினை என ஆள்வோனுக்கு வேண்டிய அனைத்தையும் சொல்லி முடித்த பிறகு, இறுதிப் படியாக அவர் வைத்தது துன்பத்தில் குலையாத உள்ளத்தை. அதே அரசியலுள் குற்றங்கடிதல் என்னும் அதிகாரமும் உண்டு. தன் குறையைக் களைந்த பிறகே பிறர் குறையை நோக்க வேண்டும் என்பது அதன் சாரம். இவ்விரண்டையும் இணைத்துக் கண்டால் ஓர் உண்மை விளங்கும். இடுக்கணில் அழியாதிருப்பது பாதி. அந்த இடுக்கணில் தன் பங்கு எவ்வளவு என்று காண்பது மறுபாதி. முன்னது மட்டும் இருந்தால் அது பிடிவாதம். பின்னது மட்டும் இருந்தால் அது கழிவிரக்கம். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் தலைமை பிறக்கிறது.

இதற்கு அண்மைக்கால வரலாற்றில் காந்தியடிகளின் வாழ்வைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அவருடைய வெற்றிகளை உலகம் அறியும். அவ்வெற்றிகளின் கீழே அடுக்கடுக்காகக் கிடக்கும் தோல்விகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இலண்டனில் சட்டம் பயின்று 1891இல் நாடு திரும்பிய இளைஞர் அவர். பம்பாயின் சிறுவழக்கு நீதிமன்றத்தில் அவருக்கு முதல் வழக்கு கிடைத்தது. கட்டணம் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுழன்றது, நா எழவில்லை, கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. அமர்ந்துவிட்டார். வழக்கை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கட்டணத்தையும் திருப்பித் தந்தார். அதன்பின் தென்னாப்பிரிக்கா செல்லும் வரை அவர் நீதிமன்றத்தில் வாதாட எழவில்லை. பிழைப்புக்காக ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு முயன்றார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லையென்று அதுவும் கைகூடவில்லை. இராஜ்கோட்டுக்குத் திரும்பி மனுக்கள் எழுதிக் காலம் தள்ளினார்.

1893இல் ஓராண்டு ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறியவர், பம்பாயில் பிழைக்க வழி காணாத அந்த வழக்கறிஞர்தான். அங்கே தாதா அப்துல்லாவின் வழக்கில் அவர் செய்தது கருதத்தக்கது. வழக்கை நீதிமன்றத்தில் நீளவிடாமல் இரு தரப்பாரையும் நடுவர் முன் கொண்டுவந்தார். அப்துல்லா வென்றார், எதிர்த்தரப்பினர் 37,000 பவுன் அளவுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதனை ஒரே தவணையில் கேட்டால் எதிரி நொடித்துப்போவார் என்பதை உணர்ந்து, நீண்ட காலத் தவணைகளுக்கு அப்துல்லாவை இசையச் செய்தார். பிளவுண்ட இருவரை இணைப்பதே வழக்கறிஞரின் கடமை என்று அன்று கண்டுகொண்டதாகப் பின்னர் அவரே எழுதினார். பேச இயலாத கூச்சம் தமக்குச் சொற்சிக்கனத்தைக் கற்றுத்தந்தது என்றும் அவர் சொல்வதுண்டு. குறையை மறைக்க முயலாதவனுக்கே அந்தக் குறை கருவியாக மாறும்.

எனினும் ஒரு தனிமனிதரின் தோல்வி வேறு. தலைவரின் தோல்வி வேறு. முன்னதன் விலையை அவரே கொடுக்கிறார். பின்னதன் விலையை மக்கள் கொடுக்கின்றனர். 1919இல் அந்த வேறுபாட்டைக் காந்தியடிகள் கண்டார்.

அக்கதை தொடங்குவது சென்னையில். ரௌலட் சட்டம் நிறைவேறிய மார்ச் மாதத்தில் அவர் இராஜாஜியின் இல்லத்தில் விருந்தினராகத் தங்கியிருந்தார். விசாரணையின்றிச் சிறைவைக்க வழிசெய்யும் அச்சட்டத்தை எப்படி எதிர்ப்பது என்று இரவும் பகலும் ஆராய்ச்சி. ஒரு விடியற்பொழுதில், உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடைப்பட்ட நிலையில், நாடு முழுவதும் ஒரே நாளில் கடையடைத்து நோன்பிருக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. காலையில் இராஜாஜியிடம் அதனைக் கனவு கண்டவர்போல் சொன்னார். ஏப்ரல் 6 நாள் குறிக்கப்பட்டது. மூலைமுடுக்கெல்லாம் மக்கள் எழுந்தனர். அவ்வளவு பெரிய எழுச்சியை அவரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

எழுச்சி வந்தது, ஒழுங்கு வரவில்லை. பஞ்சாபை நோக்கிச் சென்ற காந்தியடிகளை ஏப்ரல் 10 அன்று வழிமறித்து அரசு பம்பாய்க்குத் திருப்பி அனுப்பியது. செய்தி பரவியதும் அகமதாபாத்தில் கலவரம் மூண்டது. காவல்துறையினர் ஒருவர் கொல்லப்பட்டார். வீரம்காமில் அரசு அலுவலர் ஒருவர் மாண்டார். நாடியாத் அருகே தண்டவாளத்தைப் பெயர்க்க முயற்சி நடந்தது. ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸின் ஜாலியன்வாலாபாக்கில் டயரின் படை சுட்டதில், அரசின் கணக்கின்படியே 379 பேர் மாண்டனர். அந்தக் கொலையின் பழி சுட்டவரையே சாரும். ஆனால் குஜராத்தில் தம் பெயரைச் சொல்லி மக்கள் செய்தவற்றின் பழியை யார் மேலும் சுமத்தக் காந்தியடிகள் விரும்பவில்லை. மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்தார். ஏப்ரல் 18 அன்று இயக்கத்தை நிறுத்திவைத்தார். நாடியாத் கூட்டத்தில் தம் பிழையை இமயமலைக்கு ஒப்பிட்டுப் பேசினார்.

அந்த ஒப்புதலில் மூன்று கூறுகள் இருந்தன. யாருடைய பிழை என்பது முதலாவது, தம்முடையது என்றார். எந்த இடத்தில் பிழை என்பது இரண்டாவது. நல்ல சட்டங்களை அச்சமின்றி, மனமுவந்து பின்பற்றிப் பழகியவருக்கே தீய சட்டத்தை மீறும் தகுதி வரும். அந்தத் தகுதி பெறுமுன் மக்களை அழைத்துவிட்டதே பிழை என்றார். இனிச் செய்ய வேண்டியது என்ன என்பது மூன்றாவது. நன்கு தேறிய, தூய உள்ளம் படைத்த தொண்டர் படையை முதலில் உருவாக்க வேண்டும் என்றார்.

பிழையை ஒப்புக்கொண்ட தலைவர்கள் பலர் உண்டு. சூழ்ச்சியால் தோற்றோம், காலம் கைகொடுக்கவில்லை, உடனிருந்தவர் காட்டிக்கொடுத்தனர் என்பன போன்ற ஒப்புதல்கள் எளியவை. அவற்றில் எழுவாய் எப்போதும் பிறராகவே இருக்கும். எந்த இடத்தில் பிழை என்று தெளியாத ஒப்புதலும் வெறும் கண்ணீரே. அடுத்த செயலைச் சொல்லாத ஒப்புதலோ புலம்பல். மூன்றும் கூடிய ஒப்புதல் அரிது. அதனால்தான் அது நகைப்புக்கும் ஆளாகிறது. இமயமலை ஒப்புமையைக் கேட்டுப் பலர் ஏளனம் செய்தனர். தம் பிழையைப் பெரிதாக்கியும் பிறர் பிழையைச் சிறிதாக்கியும் பார்த்தால்தான் உண்மையான அளவு புலப்படும் என்று கருதிய அவர், அப்படிச் சொன்னதற்காக ஒருநாளும் வருந்தவில்லை.

கற்ற பாடம் உடனே கைவந்துவிடுமா? வந்துவிடும் என்றால் 1922 நிகழ்ந்திராது. அவ்வாண்டு பார்தோலியில் வரிகொடா இயக்கத்தைத் தொடங்கப்போவதாக அரசப் பிரதிநிதிக்கு அவர் எழுதிய சில நாட்களில், பிப்ரவரி 4 அன்று, கோரக்பூர் மாவட்டத்துச் சௌரி சௌராவில் ஊர்வலம் சென்றோர் மீது காவலர்கள் சுட்டனர். குண்டுகள் தீர்ந்ததும் அவர்கள் காவல் நிலையத்துக்குள் புகுந்தனர். கூட்டம் நிலையத்துக்குத் தீ வைத்தது. காவலர் 22 பேர் மாண்டனர். காந்தியடிகள் இயக்கத்தை முழுவதுமாக நிறுத்தினார். ஐந்து நாள் நோன்பிருந்தார்.

நாடு அதனை ஏற்கவில்லை. சிறையிலிருந்த மோதிலால் நேருவும் லாலா லஜபதி ராயும் கொதித்தனர். ஏதோ ஒரு மூலையில் ஒரு கூட்டம் செய்த தவறுக்கு நாடு முழுவதும் ஏன் தண்டனை பெற வேண்டும் என்னும் கேள்வி நியாயமானதே. இயக்கம் தளர்ந்தது, இந்து முஸ்லிம் ஒற்றுமையும் வலுவிழந்தது. மார்ச் 10 அன்று காந்தியடிகள் கைதானார். 18ஆம் நாள் நீதிபதி புரூம்ஃபீல்டு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தார். அந்த மன்றத்தில், சௌரி சௌராவின் பொறுப்பிலிருந்து தம்மை விலக்கிக்கொள்ள இயலாது என்று அவர் தாமே முன்வந்து கூறினார்.

இந்தத் தோல்வியின் கணக்கில் மறக்கக்கூடாத ஒரு பகுதி உண்டு. சௌரி சௌரா வழக்கில் 172 பேருக்கு 1923இல் அமர்வு நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. அலகாபாத் உயர்நீதிமன்றம் அவர்களுள் 19 பேருக்கு அதனை உறுதி செய்தது. அந்தப் பத்தொன்பது பேரும் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் எளிய உழவர்கள். தலைவருக்குப் பாடமாக அமைந்தது அவர்களுக்கு முடிவாக அமைந்தது. தோல்வி தலைவரை உருவாக்குகிறது என்று மேடைகளில் முழங்குவோர், அந்தப் பாடத்தின் கட்டணத்தைக் கட்டியவர் யார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்த நினைவு இல்லாத தலைவருக்குத் தோல்வி வெறும் அனுபவம். அது இருப்பவருக்குத் தோல்வி கடன்.

அந்தக் கடன் தீரக் காலம் பிடித்தது. 1924இல் விடுதலையான காந்தியடிகள் அடுத்த ஆண்டுகளில் கதர், தீண்டாமை ஒழிப்பு, ஆசிரம வாழ்வு எனப் புறத்தே பரபரப்பில்லாத பணிகளில் மூழ்கினார். அரசியலில் அவர் காலம் முடிந்தது என்று எண்ணியவர் பலர். 1928இல், கைவிடப்பட்ட அதே பார்தோலியில், வல்லபாய் பட்டேல் தலைமையில் உழவர்கள் நிலவரி உயர்வை எதிர்த்து அமைதி குலையாமல் போராடி வென்றனர். பட்டேலுக்கு ‘சர்தார்’ என்னும் பெயர் நிலைத்தது அப்போராட்டத்தில்தான். ஆறாண்டுகளுக்கு முன் தோற்ற நிலத்திலேயே விதை முளைத்தது.

1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து புறப்பட்டபோது அவர் நாட்டு மக்கள் அனைவரையும் ஒரே நாளில் அழைக்கவில்லை. அழைத்தது 78 பேரை. ஆசிரமத்தின் ஒழுங்கில் பழகியவர்கள். அவர்களின் பெயர்கள் ‘யங் இந்தியா’ இதழில் முன்னதாகவே அச்சாயின. வழியில் நாள்தோறும் வழிபாடு, நூற்பு, நாட்குறிப்பு எழுதுதல் ஆகியன கட்டாயம். அறுபது வயதுத் தலைவர் 24 நாட்களில் ஏறத்தாழ 240 மைல் நடந்தார். தண்டிக் கடற்கரையில் உப்பெடுக்க அவர் தேர்ந்த நாள் ஏப்ரல் 6. பதினோராண்டுகளுக்கு முன் நாடு கடையடைத்த அதே நாள். தோற்ற நாளை மறக்க அவர் விரும்பவில்லை. அதனையே மீண்டும் தொடங்கும் நாளாக்கினார். 1919இல் நாடியாத்தில் சொன்ன தொண்டர் படை 1930இல் தண்டிச் சாலையில் நடந்தது.

இன்னொரு மாற்றமும் நுட்பமானது. இம்முறை எங்கோ ஒரு மூலையில் வன்முறை நிகழ்ந்தால் இயக்கம் நிற்காது என்று முன்னதாகவே அவர் எழுதியிருந்தார். ஏப்ரலில் சிட்டகாங்கிலும் பெஷாவரிலும் கொந்தளிப்பு ஏற்பட்டபோதும் இயக்கம் நிற்கவில்லை. 1919இன் பாடத்தைக் கொண்டு 1930ஐத் திட்டமிட்டவர், 1922இல் எழுந்த கண்டனங்களிலிருந்தும் கற்றிருந்தார். தம்மைக் குறைகூறியவர்கள் சொன்னதில் உண்மை உண்டா என்று பார்க்கும் மனம் தோல்வியின் மிக அரிய கொடை.

சென்னை இல்லத்தில் அந்த விடியற்கனவை முதலில் கேட்ட இராஜாஜி, அதே 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். உடன் சென்றவர் ஏறத்தாழ நூறு தொண்டர், அவர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே. உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தும் மக்கள் மறைவாக அன்னமிட்டனர். ஏப்ரல் 30 அன்று இராஜாஜி உப்புச் சட்டத்தை மீறிக் கைதானார். அந்தப் படை பாடி நடப்பதற்கென்றே நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை ஒரு பாடலை இயற்றினார். கத்தி எடுக்காத படைக்கு ஒரு கவிஞர் நடையும் தாளமும் தந்தார் என்பது கவிஞர்கள் கூடிய இந்த அவையில் நினைக்கத்தக்கது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். தோற்றவர் எல்லாரும் எழுந்தார்களா? இல்லை. அதற்குத் தமிழ்நாடே சான்று. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்துத் தூத்துக்குடிக் கடலில் ஆங்கிலேய வணிகத்தோடு மோதிய வ.உ.சிதம்பரனார், 1908இல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். பின்னர் குறைக்கப்பட்ட அத்தண்டனையின்போது சிறையில் செக்கிழுத்தார். 1912 இறுதியில் அவர் வெளியே வந்தபோது கப்பல் நிறுவனம் கலைந்துவிட்டிருந்தது. வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தது. அவரை வரவேற்கச் சிறைவாயிலில் கூடியவர் மிகச் சிலர். கடை வைத்துப் பிழைத்தார். வறுமை அவரை விடவில்லை. உரிமம் மீண்டு கிடைக்க உதவிய வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதிக்கு நன்றியாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். எதிரியின் இனத்தில் பிறந்தவர் செய்த நன்றியைப் போற்றிய அந்த உள்ளம் தோற்ற உள்ளம் அன்று.

வ.உ.சி.யிடம் இடுக்கணில் அழியாத உறுதி இருந்தது. குறை காணும் தெளிவும் இருந்தது. மெய்யறம் எழுதினார், தம் வரலாற்றைச் செய்யுளில் எழுதினார், தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை கண்டார். தமிழ் அவரைத் தாங்கியது. தமிழ்ச் சமூகம் தாங்கவில்லை. காந்தியடிகளுக்கு ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் திரும்பிச் செல்ல ஓர் ஆசிரமம் இருந்தது. கோபித்துக்கொண்டாலும் கைவிடாத தோழர்கள் இருந்தனர். பிழையை எழுதி வெளியிட ஓர் இதழ் இருந்தது. கப்பலோட்டிய தமிழருக்கு அவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. தோல்வி தானாக எவரையும் தலைவராக்குவதில்லை. ஒப்புக்கொள்ளும் நெஞ்சும், அதற்குச் செவிகொடுக்கும் சமூகமும் கூடினால்தான் ஆக்கும். முதலாவது தலைவரின் பொறுப்பு. இரண்டாவது மற்ற அனைவரின் பொறுப்பு.

பிழையை ஒப்புக்கொண்டவரை ஏளனம் செய்யும் சமூகம், பிழையை மறைக்கத் தெரிந்தவரையே தலைவராகப் பெறும். தோற்றவர் வீட்டு வாயிலை மிதிக்காத சமூகம், தோல்விக்கு அஞ்சி ஒன்றும் தொடங்காதவர்களால் நிரம்பும். நாட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று இது. குடும்பத்துக்கும் பொருந்தும், பள்ளிக்கும் பொருந்தும், பத்தாண்டுகள் நடந்த ஓர் இலக்கிய மன்றத்துக்கும் பொருந்தும். கூட்டத்துக்கு நான்கு பேர் மட்டும் வந்த மாலைகளையும், நின்றுபோன முயற்சிகளையும், தவறிய முடிவுகளையும் ஆண்டறிக்கையில் எழுதத் துணியும் மன்றமே அடுத்த பத்தாண்டுக்குத் தலைவர்களை வளர்க்கும்.

காந்தியடிகளின் கடைசித் தோல்வி எல்லாவற்றினும் கொடியது. நாடு பிளவுபட்டது. முப்பதாண்டுகளாகத் தாம் அகிம்சை என்று எண்ணியது வலிமையற்றோரின் எதிர்ப்பாகவே இருந்துவிட்டது என்று 1947இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். 1947 ஆகஸ்ட் 15 அன்று டில்லியின் விழாவில் அவர் இல்லை. கலவரம் கண்ட கல்கத்தாவில் இருந்தார். செப்டம்பர் முதல் நாள் தொடங்கிய அவருடைய நோன்பு நான்காம் நாள் முடிந்தபோது அந்நகரில் அமைதி திரும்பியது. பம்பாய் நீதிமன்றத்தில் பேச எழுந்து அமர்ந்துவிட்ட மனிதர், பேச்சினால் ஆகாததைப் பசியினால் ஆக்கினார்.

வெண்ணியில் தோற்ற சேரனுக்கு ஒரு குயத்தியார் கிடைத்தார். வென்றவனின் அவையில் தோற்றவனின் பெருமையைப் பேச ஒரு புலவர் இருந்ததால்தான், இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவன் பெயர் வாழ்கிறது. வெற்றி பெற்றவருக்கு வாழ்த்துப்பா எழுத எப்போதும் ஆள் உண்டு. தோற்று, தன் தோல்வியைத் தானே சொல்லி, தலைகுனிந்து நிற்பவரின் அருகில் சென்று நிற்பது கவிஞருக்கே உரிய இடம். பத்தாண்டு கண்ட இம்மன்றத்தின் கவிஞர்கள் அந்த இடத்தை விட்டுக்கொடாதிருக்கட்டும்.